கேரவன் பேனலில் விரிசல்: கரைத்து ஒட்டுவதா, உருக்கி இணைப்பதா, பசையா, புதுப் பேனலா?

பிரிட்டனில் பழைய கேரவனை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியை, வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வெளிச்சுவர்த் தகடான முன்பக்கப் பேனலிலோ பின்விளக்கைச் சுற்றியோ விரல் நீளத்துக்கு விரிசல் விட்டிருக்கிறது. பட்டறையில் கேட்டால் வண்டியின் மதிப்பில் கணிசமான பங்கைச் சொல்கிறார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா, முடியும் என்றால் எந்த முறையில்? விசாரித்தால் ஒருவர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் அசிட்டோன் என்கிறார், இன்னொருவர் சூடான ஸ்டேப்ளர் என்கிறார், மூன்றாமவர் எபாக்ஸி பசையை விட்டால் வேறு வழியில்லை என்று அடித்துச் சொல்கிறார். மூன்றும் சில இடங்களில் பலிக்கும், சில இடங்களில் பலிக்காது என்பதால்தான் குழப்பம் தீருவதில்லை.

பசை எவ்வளவு வலுவானது என்று மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்தெடுப்பவர்களின் பேனல்தான் பெரும்பாலும் அடுத்த கோடையில் மீண்டும் பிளக்கிறது. விரிசல் எதனால் வந்தது, அதன் பின்பக்கத்தைக் கை எட்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்துவிட்டால், முறை ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

பேனல் எந்தப் பொருளால் ஆனது? பிரிட்டிஷ் கேரவன்களின் வளைந்த முன், பின் பேனல்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, வெற்றிடத்தால் அச்சின்மீது இழுத்துப் படியவைத்துச் செய்யப்பட்டவை. பலவற்றில் வெயிலைத் தாங்குவதற்காக மேலே அக்ரிலிக் படலம் ஒன்று சேர்ந்திருக்கும். சில வண்டிகளில் இதே இடத்தில் கண்ணாடி இழைப் பேனல் இருக்கும். பின்பக்கத்தைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: ஏபிஎஸ் வழவழப்பாக இருக்கும், கண்ணாடி இழையில் நார்கள் கண்ணுக்குத் தெரியும் அல்லது விரலில் நெருடும். ஐயம் தீராவிட்டால், மறைவான ஓரத்தில் பஞ்சால் ஒரு சொட்டு அசிட்டோன் தொட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் சில நொடிகளில் இளகிப் பிசுபிசுக்கும். கண்ணாடி இழை அப்படி இளகாது. சக்கர வளைவு மூடி போன்ற சில சிறு உதிரிகள் பாலிப்ரொப்பிலீனாக இருக்கலாம். அதன் துணுக்கு தண்ணீரில் மிதக்கும், ஏபிஎஸ் துணுக்கு மூழ்கும். பாலிப்ரொப்பிலீனில் அசிட்டோனும் பலிக்காது, சாதாரணப் பசையும் நிற்காது. உருக்கி இணைப்பதே நம்பகமான வழி.

விரிசல் அசைகிறதா? இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. ஏபிஎஸ் வெப்பத்தில் அலுமினியத்தைப் போல மூன்று நான்கு மடங்கு விரியும். இரண்டு மீட்டர் அகலமுள்ள பேனல், உறைபனி விழும் இரவுக்கும் வெயிலில் காயும் நண்பகலுக்கும் இடையில் 40 டிகிரி வேறுபாட்டைச் சந்தித்தால், சுமார் 6 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். அது பொருத்தப்பட்டிருக்கும் அலுமினியத் தகடோ 2 மில்லிமீட்டர்கூட நீளாது. இந்த இழுபறி முழுவதும் திருகு துளைகளிலும் விளக்குக்காக வெட்டிய மூலைகளிலும் போய்ச் சேர்கிறது. திருகை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் பேனல் நகர இடமின்றி அங்கேயே கிழியும். வெற்றிடத்தில் இழுத்துச் செய்யும்போது ஆழமான மூலைகளில் தகடு மெலிந்துபோவது இன்னொரு காரணம். விரிசலுக்கு இருபுறமும் பென்சிலால் ஒவ்வொரு புள்ளி வைத்து, குளிர்ந்த காலையிலும் வெயில் ஏறிய பிறகும் இடைவெளியை அளந்து பாருங்கள். மாறினால் அது உயிருள்ள விரிசல், அதில் கடினமான பட்டி (புட்டி) எதுவும் நிலைக்காது. கல் பட்டோ, வண்டியைப் பேனலில் கைவைத்துத் தள்ளியோ உண்டான விரிசல் பெரும்பாலும் அசையாது. அதைச் சரிசெய்வதும் எளிது.

பின்பக்கம் எட்டுமா? சிலிண்டர் வைக்கும் முன்பக்கக் கேஸ் பெட்டிக்குள் தலையை நுழைத்தால் கீழ்ப் பேனலின் உட்புறம் பல வண்டிகளில் தெரியும். பின் பேனலுக்குப் பின்னால் குளியலறைச் சுவரோ, காப்புக்காக வைத்த பாலிஸ்டைரீன் கட்டியோ இருந்தால் கை போகாது. விளக்கைக் கழற்றினால் அந்தத் துளை வழியாகச் சில அங்குலம் எட்டும்.

தண்ணீர் உள்ளே போய்விட்டதா? பேனலுக்குப் பின்னால் மரச்சட்டம் உள்ள வண்டிகளில், விரிசலைவிட அதன் வழியே இறங்கிய ஈரமே பெரிய செலவு. மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 20ஐத் தாண்டினால் மேலும் ஆராய வேண்டும். 30ஐத் தாண்டினால் மரம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஈரத்தை அடைத்து மூடினால் வெளியே அழகாகவும் உள்ளே மக்கியும் போகும். உலர்த்திவிட்டுத்தான் எந்த முறையையும் தொடங்க வேண்டும்.

எல்லா முறைக்கும் பொதுவான முதல் வேலை ஒன்று உண்டு: விரிசலின் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டு அதன் ஓட்டத்தை நிறுத்துவது. கண்ணுக்குத் தெரியும் நுனி உண்மையான நுனியாக இருப்பதில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். மேற்பரப்பு காய்ந்த பிறகும் விரிசலுக்குள் ஈரம் மெல்லிய கோடாகச் சற்று நேரம் நிற்கும். அந்தக் கோடு முடியுமிடத்தில் துளை விழ வேண்டும். பின்னால் ஒயர் ஓடலாம் என்பதால், ட்ரில் பிட்டில் சில மில்லிமீட்டர் விட்டு டேப் சுற்றிக்கொண்டு, அதற்குமேல் உள்ளே போகாமல் மெதுவாகத் துளையுங்கள்.

## வழி 1: கரைத்து ஒட்டுவது

ஏபிஎஸ் துண்டுகளை நறுக்கி, கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஓரிரவு மூடிவைத்தால் கரைந்து கூழாகும். இட்லி மாவுப் பதம் வந்ததும் விரிசலில் நிரப்ப வேண்டும். அசிட்டோன் ஆவியானபின் மிஞ்சுவது ஏபிஎஸ் மட்டுமே. அது பேனலின் சொந்தப் பிளாஸ்டிக்குடன் கலந்துவிடுவதால் தனி ஒட்டு என்ற எல்லையே இருக்காது. பின்பக்கம் எட்டுமானால், அதே கூழைத் தடவி 3 மில்லிமீட்டர் ஏபிஎஸ் தகட்டை விரிசலுக்கு இருபுறமும் ஒரு கை விரல்களின் அகலத்துக்கு ஒட்டலாம். அப்படிச் செய்த இடம் பேனலின் மற்ற பகுதியைப் போலவே வெப்பத்தில் விரிந்து சுருங்கும். இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

செலவு சொற்பம். ஒரு டப்பா அசிட்டோனும், உடைந்த ஏபிஎஸ் உதிரி ஒன்றும் போதும். ஆனால் மறைமுகச் செலவு நேரம். கூழ் காயக் காயச் சுருங்கும், குழி விழும். மெல்லிய படலமாகப் பலமுறை பூச வேண்டும், ஒவ்வொன்றும் ஆற விட வேண்டும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், உள்ளே பல நாட்கள் இளகியே இருக்கும். அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டு வண்ணமும் அடித்துவிட்டால், சில வாரங்களில் விரிசலின் தடம் பள்ளமாக மேலே தெரியும்.

இன்னொன்று கேரவனுக்கே உரியது. அதன் சன்னல்கள் கண்ணாடி அல்ல, அக்ரிலிக். ஒரு சொட்டு அசிட்டோன் தெறித்தாலும் அதில் அழியாத வெண்மை படரும், சிறு வெடிப்புகள் தோன்றும். புதுச் சன்னலின் விலையைக் கேட்டால், இந்த மலிவான முறை மலிவாக இராது. பேனலின் மேற்படலமும் அக்ரிலிக் என்றால் அதே கதிதான். எனவே சன்னலை முழுவதும் மூடி, விரிசலின் இருபுறமும் டேப் ஒட்டி, முடிந்தவரை பின்பக்கத்திலிருந்தே வேலை செய்யுங்கள். அசிட்டோன் ஆவி உறைநிலைக்குக் கீழேயும் தீப்பிடிக்கக்கூடியது. கேஸ் பெட்டிக்குள் வேலை என்றால் சிலிண்டர்களை முதலில் வெளியேற்றித் தொலைவில் வைத்துவிடுங்கள்.

## வழி 2: உருக்கி இணைப்பது

விரிசலை ஆங்கில வி எழுத்து வடிவில் பள்ளமாக்கி, சூடான காற்றுக் கருவியால் பேனலையும் ஏபிஎஸ் கம்பியையும் ஒருசேர இளக்கி நிரப்புவது ஒரு வகை. துருப்பிடிக்காத எஃகு ஸ்டேப்ளை மின்சாரத்தில் சூடாக்கி, விரிசலுக்குக் குறுக்கே பிளாஸ்டிக்குள் புதைப்பது மற்றொரு வகை. ஸ்டேப்ளர் கருவிகள் மலிவாகக் கிடைப்பதாலும், கார் பம்பரில் நன்றாக வேலை செய்வதாலும் பலர் இதற்குத்தான் முதலில் போகிறார்கள்.

கார் பம்பருக்கும் கேரவன் பேனலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் கவனிப்பதில்லை. கேரவன் பேனல் மெல்லியது, பரந்தது, பெரும்பகுதி சப்பையாக நிற்பது. ஏபிஎஸ் நூறு டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கும். இணைக்கும் கருவியின் காற்றோ 350 டிகிரி அளவில் வரும். ஒரே இடத்தில் சற்று அதிகம் நின்றால், விரிசல் மூடியிருக்கும், சுற்றிலும் உள்ளங்கை அகலத்துக்கு அலையடித்திருக்கும். அலையடித்த பேனலை எந்த வண்ணமும் மறைக்காது, பளபளப்பான வெள்ளை இன்னும் காட்டிக்கொடுக்கும். பின்பக்கத்தில் புதைத்த ஸ்டேப்ளின் வடிவம் முன்பக்கத்தில் வரிவரியாகப் பதிவதும் உண்டு. பின்னால் பாலிஸ்டைரீன் இருந்தால் அது உருகிக் குழி விழும், தீப்பிடிக்கவும் கூடும். பல ஆண்டு வெயில் பட்ட மேற்பரப்பு சிதைந்திருக்கும் என்பதால், அதைச் சுரண்டிப் புதுப் பிளாஸ்டிக் தெரிந்த பிறகே கம்பி ஒட்டும்.

கழற்றி மேசைமேல் வைக்கக்கூடிய உதிரிகளுக்கு இது சிறந்த முறை: கேஸ் பெட்டி மூடி, சக்கர வளைவு மூடி, விளக்குச் சட்டம். வண்டியில் நிலையாக இருக்கும் பெரிய பேனலில், கை பழகாதவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது என்பதே என் கருத்து. எப்படியும் செய்ய வேண்டுமென்றால், உடைந்த துண்டுகளில் பழகிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

## வழி 3: இருகூட்டுப் பசையும் பின்தகடும்

எம்எம்ஏ எனப்படும் மெத்தில் மெதாக்ரிலேட் பசை, பாலியூரித்தேன், எபாக்ஸி ஆகிய மூன்றும் இரண்டு கூறுகளைக் கலந்ததும் இறுகும் இருகூட்டுப் பசைகள். மூன்றும் ஏபிஎஸ்ஸில் பிடிக்கும். 80 எண் உப்புத்தாளால் பின்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, தூசு நீக்கி, மூலைகளை உருட்டிய ஏபிஎஸ் தகட்டை ஒட்டி, முன்பக்கப் பள்ளத்தை நெகிழ்வுள்ள பிளாஸ்டிக் ஃபில்லரால் நிரப்ப வேண்டும். வெப்பமும் இல்லை, சுருக்கமும் அதிகமில்லை. வேலையும் பெரும்பாலும் ஒரு வார இறுதியில் முடியும்.

இவற்றுள் எம்எம்ஏவின் பிடிப்பு மிக நன்று, ஆனால் நெடி கடுமை, தீப்பிடிக்கக்கூடியதும்கூட. பாலியூரித்தேன் நன்றாக வளைந்து கொடுக்கும் என்பதால் அசையும் விரிசலுக்கு ஏற்றது. எபாக்ஸி எளிதில் கிடைக்கும், ஆனால் விறைப்பானது. கண்ணாடி இழைத் துணியுடன் தடிமனாகப் பூசினால், ஒட்டிய இடம் உடையாது, அதன் விளிம்பை ஒட்டிப் புது விரிசல் ஓடும். கார் பட்டறைகளில் புழங்கும் பாலியெஸ்டர் பட்டியை ஏபிஎஸ்மீது பூச வேண்டாம். அது வளையாது, பெயர்ந்து வரும். பேனல் கண்ணாடி இழையாக இருந்தால் கதை நேர்மாறு. அங்கே பாலியெஸ்டர் பிசினும் நார்ப்பாயும் மேலே ஜெல்கோட் எனும் மேற்பூச்சுப் பிசினும்தான் முறையான வைத்தியம்.

மறைமுகச் செலவுகள் இங்கே சில்லறையாகச் சேரும். இரட்டைக் குழல் பசைக்குத் தனித் துப்பாக்கி வேண்டும். கலக்கும் முனையில் பசை இறுகிவிடும் என்பதால் ஒவ்வொரு முறைக்கும் புது முனை வேண்டும். திறந்த குழல் அலமாரியில் காலாவதியாகும். குளிரில் பசை இறுகாது, அல்லது அரைகுறையாக இறுகும். பிரிட்டனில் நவம்பர் முதல் மார்ச் வரை திறந்த வெளியில் இந்த வேலையைத் தொடங்குவது வீண். எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமையாகிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் நிற்கும். கையுறையில் சிக்கனம் வேண்டாம்.

பின்பக்கம் எட்டாத இடத்தில் இந்த முறை பாதி பலத்தை இழக்கிறது. முன்பள்ளத்தில் மட்டும் நிற்கும் பசை, 3 மில்லிமீட்டர் தகட்டின் விளிம்பை மட்டுமே பற்றியிருக்கும். அசையாத விரிசலுக்கு அது போதும், உயிருள்ள விரிசலுக்குப் போதாது.

## வழி 4: வீட்டுக்கு வரும் பழுதுபார்ப்பவர்

பிரிட்டனில் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து ஏபிஎஸ் பேனலைச் சரிசெய்து வண்ணம் கலந்து அடிப்பவர்கள் உண்டு. செலவு பெரும்பாலும் சில நூறு பவுண்டுகளில் முடியும். வண்ணம் அடிக்கும் திறமைக்குத்தான் இந்தப் பணம். வெயிலில் மங்கிய வெள்ளையைப் பொருத்துவது வீட்டில் செய்பவர் பெரும்பாலும் தோற்கும் இடம். விலையைப் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பின்பக்கத்தில் வலுவூட்டுவீர்களா, முன்பக்கம் மட்டும் நிரப்பி வண்ணம் அடிப்பீர்களா? இரண்டாவதாக இருந்தால், உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

விரிசல் மோதலால் வந்ததென்றால் காப்பீட்டைக் கேட்டுப் பார்க்கலாம். நாள்பட்ட தேய்மானத்துக்குக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. மோதலாகவே இருந்தாலும், நாம் ஏற்க வேண்டிய தொகையையும் இழப்பீடு கோராதவர்களுக்குக் கிடைப்பதும் அடுத்த ஆண்டுகளில் நாம் இழப்பதுமான தள்ளுபடியையும் கூட்டினால், சிறு விரிசலுக்குக் கோருவது பல நேரங்களில் நட்டம்.

## வழி 5: பேனலையே மாற்றுவது

உழைப்பும் சேர்த்தால் செலவு எளிதில் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். பழைய மாடல்களுக்குப் பேனல் கிடைப்பதே சிக்கல். லூனார் போன்ற நிறுவனம் 2019இல் நொடித்துப்போன பிறகு, அதன் வண்டி வைத்திருப்பவர்கள் மிஞ்சிய இருப்பையும் உடைத்த வண்டிகளையும் தேட வேண்டிய நிலை. சில மாடல்களுக்குக் கண்ணாடி இழையில் நகல் பேனல் செய்து தருபவர்கள் உண்டு. அவை மெலிந்த மூலைகள் இல்லாதவை என்பதால் அசலைவிட உழைக்கும்.

வீட்டில் மாற்றுவது முடியாத காரியம் அல்ல, ஆனால் பேனல் மட்டும் மாறுவதில்லை. விளக்குகள், ஓரப் பட்டைகள், சில வண்டிகளில் சன்னலும் கழன்று வர வேண்டும். ஒவ்வொன்றையும் இறுகாத பியூட்டைல் மாஸ்டிக் எனும் அடைப்புப் பசையால் மீண்டும் அடைக்க வேண்டும். சிலிக்கான் வேண்டாம், அது பட்ட இடத்தில் பின்னாளில் வண்ணமும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. இத்தனையும் முடியும்வரை வண்டி கூரைக்கடியில் நிற்க வேண்டும். கழற்றிய பிறகு உள்ளே மக்கிய மரம் தெரிந்தால் வேலை இரட்டிக்கும், ஆனால் அதை நேரில் பார்த்து உறுதிசெய்ய வேறு வழியும் பெரும்பாலும் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | பின்பக்கம் எட்ட வேண்டுமா | அசையும் விரிசலில் | கைச்செலவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கரைத்து ஒட்டுதல் | எட்டினால் மிக நன்று | பின்தகட்டுடன் தாங்கும் | மிகக் குறைவு | நாட்கள், சன்னலுக்கு ஆபத்து |
| உருக்கி இணைத்தல் | ஸ்டேப்ளுக்குக் கட்டாயம் | நன்றாக உருகினால் தாங்கும் | குறைவு | அலையடித்த பேனல், தீ |
| பசையும் பின்தகடும் | கட்டாயம் எனலாம் | பாலியூரித்தேன் தாங்கும் | நடுத்தரம் | முனைகள், துப்பாக்கி, குளிர் |
| வீட்டுக்கு வருபவர் | அவரைக் கேட்க வேண்டும் | வேலையைப் பொறுத்தது | சில நூறு பவுண்டு | மேற்பூச்சோடு நின்றுவிடுவது |
| புதுப் பேனல் | பொருந்தாது | புதிதாகத் தொடங்கும் | ஆயிரத்துக்கு மேல் | அடைப்பு, கூரையிடம், மக்கிய மரம் |

மேற்பூச்சின் செலவு இந்த அட்டவணையில் இல்லை, ஏனெனில் முதல் மூன்று வழிகளுக்கும் அது ஒன்றே. 240 எண் தாளில் தொடங்கி 600 வரை தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான ப்ரைமர், வண்ணம், மேல் லாக்கர் என மூன்று டப்பாக்கள் வாங்கினால், ஒட்டுவதற்குச் செலவழித்ததைவிட இதற்கே அதிகம் போகும். ஐசோசயனேட் கலந்த இருகூட்டு வண்ணத்தை வீட்டில் தெளிக்க வேண்டாம். அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரக்கூடும், சாதாரண முகமூடி தடுக்காது. வண்ணம் பொருந்தாது என்று தெரிந்தால், அந்த இடத்தில் ஸ்டிக்கர் பட்டை ஒன்றை ஒட்டி மறைப்பது வெட்கப்பட வேண்டிய உபாயம் அல்ல. தயாரிப்பாளர்களே தம் பேனல்களின்மீது பட்டையும் படமும் ஒட்டித்தான் விற்கிறார்கள்.

## எந்த நிலைமைக்கு எது

பின்பக்கம் எட்டும், விரிசல் அசைகிறது, உங்களிடம் நேரம் இருக்கிறது என்றால் கரைத்து ஒட்டி, பின்தகடும் வையுங்கள். திருகு துளையில் தொடங்கிய விரிசல் என்றால், ஒட்டியபின் அந்தத் துளையைத் திருகைவிடச் சற்றுப் பெரிதாக்கி, அகன்ற வாஷர் போட்டு, கையால் திருகும் அளவு இறுக்கத்தோடு நிறுத்துங்கள். இதைச் செய்யாவிட்டால் எந்த முறையும் ஒன்றுதான்.

பின்பக்கம் எட்டும், ஒரு வார இறுதிதான் கையில் இருக்கிறது, வானிலையும் வெதுவெதுப்பு என்றால் பசையும் பின்தகடும். கழற்றக்கூடிய உதிரி என்றால் உருக்கி இணைப்பது. பின்பக்கம் எட்டாது, வண்டியும் புதியது, பின்னர் விற்கும் எண்ணமும் உண்டு என்றால் தொழில்முறையாளரைக் கூப்பிடுங்கள். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டியில் நீங்களே கைவைத்தால் உற்பத்தியாளர் மறுக்க இடம் கொடுத்ததாகும். முதலில் அவரிடம் கேளுங்கள். ஒரே பேனலில் மூன்று நான்கு இடங்களில் விரிசல் ஓடியிருந்தால், அல்லது விரலால் அழுத்தும்போது ஓரமெல்லாம் பொரிந்து உதிர்ந்தால், அந்தப் பிளாஸ்டிக்கின் ஆயுள் முடிந்துவிட்டது. அதில் ஒட்டுப்போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. அங்கே பேனலை மாற்றுவதே கணக்குக்குச் சரி, அல்லது வண்டியின் வயதைப் பார்த்து அப்படியே ஓட்டி முடிப்பது.

டிசம்பரில் விரிசலைக் கண்டால் ஐந்தில் எதையும் தொடங்காதீர்கள். நுனியில் துளை போட்டு, பேனல் நன்கு காய்ந்திருக்கும் ஒரு நாளில் பியூட்டைல் நாடாவை விரிசலின்மீது அழுத்தி ஒட்டி, மேலே வெள்ளை நீர்ப்புகாப் பட்டை ஒன்றைப் போட்டு, உட்பக்கத்தில் ஈரமானியின் அளவைக் குறித்துவையுங்கள். ஏப்ரல் கடைசியில் அதே இடத்தில் மீண்டும் அளந்து, எண் ஏறாதிருந்தால் பட்டையை உரித்து வேலையைத் தொடங்கலாம். ஏறியிருந்தால் தண்ணீர் வேறெங்கோ இருந்தும் வருகிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்கும்வரை பசைக்குழலைத் திறக்க வேண்டாம்.